தாராவியில் ஒரு நாள்

மும்பை ஒரு பெரிய நகரம். அந்த நகரத்தின் நடுவே இருக்கிறது தாராவி. அதன் ஒரு பக்கம் சயான் ரயில் நிலையம். மறுபக்கம் மாஹிம் ரயில் நிலையம். வடக்கே மித்தி ஆறு ஓடுகிறது. ஆற்றைத் தாண்டினால் உயர உயரமான வங்கிக் கட்டடங்கள் தெரியும்.

தாராவியின் பரப்பு சுமார் 600 ஏக்கர். ஒரு நடுத்தரமான கிராமத்தின் வயல்களும் இவ்வளவு இருக்கும். ஆனால் இங்கே வயல் இல்லை. வீடுகள், பட்டறைகள், கடைகள், மறுபடியும் வீடுகள். இங்கே எத்தனை பேர் வாழ்கிறார்கள்? சிலர் 6 லட்சம் என்கிறார்கள். சிலர் 10 லட்சம் என்கிறார்கள்.

தாராவியைப் பலர் குடிசைப் பகுதி என்று மட்டும் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். மீதி உண்மை என்ன? தாராவி ஒரு பெரிய வேலைத்தலம். இங்கே வீடும் பட்டறையும் ஒன்றாகவே இருக்கின்றன. வாருங்கள், ஒரு நாள் முழுவதும் அங்கே சுற்றி வருவோம்.

ஊர் உருவான கதை

முதலில் இங்கே வாழ்ந்தவர்கள் கோலி மீனவர்கள். மாஹிம் கழிமுகத்தில் மீன் பிடித்தார்கள். அவர்கள் வாழ்ந்த இடம் இன்றும் கோலிவாடா என்றே அழைக்கப்படுகிறது. மற்ற இடமெல்லாம் அப்போது சேறும் சதுப்புமாக இருந்தது.

பிறகு தோல் பதனிடுகிறவர்கள் வந்தார்கள். பக்கத்தில் பாந்திராவில் ஆடுமாடு வெட்டும் கூடம் இருந்தது. தோல் எளிதாகக் கிடைத்தது. தோல் பதனிடும் இடத்தில் நாற்றம் வரும். அதனால் அதை ஊருக்கு வெளியே வைத்தார்கள். அன்று தாராவி ஊருக்கு வெளியேதான் இருந்தது. இந்த வேலைக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து இந்துக்களும் முஸ்லிம்களும் வந்தார்கள்.

1930களில் சௌராஷ்டிரத்துக் குயவர்கள் இங்கே குடியேறினார்கள். அவர்கள் இருக்கும் இடம் கும்பார்வாடா. பின்னர் உத்தரப் பிரதேசம், பீகார், ஆந்திரா, கர்நாடகம் என்று எல்லா இடங்களிலிருந்தும் மக்கள் வந்தார்கள். பஞ்சம் சிலரை அனுப்பியது. கடன் சிலரை அனுப்பியது. வேலை எல்லோரையும் அழைத்தது.

வந்தவர்கள் சேற்றில் மண்ணைக் கொட்டினார்கள். குப்பையைக் கொட்டி மேடாக்கினார்கள். அதன்மேல் குடிசை போட்டார்கள். இன்று நாம் நடக்கும் தரை அவர்கள் போட்ட தரை. 1887இல் பெரிய பள்ளிவாசல் வந்தது. 1913இல் பிள்ளையார் கோவில் வந்தது. 1924இல் தமிழ்ப் பள்ளிக்கூடம் வந்தது.

விடியுமுன் எழும் வீடு

மணி மூன்று. சந்து இருட்டாக இருக்கிறது. ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரிகிறது. அது இட்லி அத்தையின் வீடு. அவருக்கு வேறு பெயர் உண்டு. ஆனால் சந்தில் எல்லோருக்கும் அவர் இட்லி அத்தைதான்.

முதல் நாளே மாவு அரைத்து வைத்தாகிவிட்டது. இரவில் மாவு பொங்கியிருக்கிறது. அத்தை தட்டுகளில் துணி விரித்து மாவை ஊற்றுகிறார். மருமகள் சட்னிக்குத் தேங்காய் துருவுகிறாள். மகன் சைக்கிளைத் துடைக்கிறான்.

ஐந்து மணிக்கு மகன் புறப்படுகிறான். சைக்கிளின் பின்னால் இட்லிப் பாத்திரம். முன்னால் சட்னித் தூக்கு, சாம்பார்த் தூக்கு. கைப்பிடியில் ரப்பர் ஊதல். 'பாம் பாம்' என்று அதை அழுத்திக்கொண்டே தெருத்தெருவாகப் போவான். மும்பையின் பல தெருக்களில் மக்கள் காலையில் சாப்பிடும் இட்லி இப்படித்தான் தாராவியிலிருந்து போகிறது.

இந்த நேரத்தில்தான் குழாயில் தண்ணீர் வரும். சில மணி நேரம் மட்டும் வரும். குடம், வாளி, டிரம் எல்லாம் நிரப்ப வேண்டும். பொதுக் கழிப்பறையில் வரிசை நிற்கிறது. பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் வேலைக்குப் போகும் பெரியவர்களும் அந்த வரிசையில் நிற்கிறார்கள்.

அண்ணாச்சியின் நோட்டு

அத்தை ஒரு தேநீர்க் கடைக்கும் இட்லி கொடுக்கிறார். தினமும் 150 இட்லி. ஒரு இட்லிக்கு 4 ரூபாய். வாரம் ஒரு முறை கடைக்கார அண்ணாச்சி பணம் கொடுப்பார்.

முன்பு அண்ணாச்சி சொல்வதுதான் கணக்கு. அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சிறு வயதில் ஊரில் பீடி சுற்றினார். தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டார். பள்ளிக்கூடம் போகவில்லை. ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு இரவு வகுப்பில் சேர்ந்தார். முதலில் எண்களைக் கற்றார். பிறகு தன் பெயரை எழுதினார். இப்போது கடைப் பலகையைப் படிக்கிறார். ஒரு சிறிய நோட்டில் தினமும் கணக்கு எழுதுகிறார்.

ஒரு வாரம் அண்ணாச்சி 3,600 ரூபாய் கொடுத்தார். அத்தை தன் நோட்டைப் பிரித்தார்.

"அண்ணாச்சி, ஏழு நாளும் இட்லி வந்திருக்கு. ஒரு நாளைக்கு 600 ரூபாய். ஏழு நாளைக்கு 4,200 ஆகுது."

"அப்படியாக்கா? என் நோட்டுல ஆறு நாள்தானே இருக்கு."

"வெள்ளிக்கிழமை எழுதலையே. அன்னைக்கு நீங்க கடையில இல்ல. பையன்தான் வாங்கி வச்சான்."

அண்ணாச்சி பையனைக் கூப்பிட்டுக் கேட்டார். பையன் தலையைச் சொறிந்தான். அண்ணாச்சி சிரித்துக்கொண்டே 600 ரூபாயை எடுத்துக் கொடுத்தார்.

"நல்லதாப் போச்சு. இனிமே ரெண்டு நோட்டுலயும் எழுதுவோம்."

அண்ணாச்சி ஏமாற்றுகிறவர் அல்ல. ஆனால் மறதி எல்லோருக்கும் உண்டு. ஒருவர் மட்டும் எழுதும் கணக்கில் மறதியின் நஷ்டம் மற்றவருக்குத்தான்.

மண்ணும் தோலும்

விடிந்துவிட்டது. கும்பார்வாடாவுக்குப் போவோம். அங்கே வீட்டு வாசலில் களிமண் குவித்திருக்கிறது. ஆண்கள் சக்கரத்தில் பானை வனைகிறார்கள். பெண்கள் மண் பிசைகிறார்கள். வனைந்ததைக் காய வைக்கிறார்கள். வண்ணம் பூசுகிறார்கள். வீடுகளுக்கு நடுவே சூளை இருக்கிறது. துணிக் கழிவையும் பஞ்சுக் கழிவையும் போட்டு எரிக்கிறார்கள். தீபாவளி நெருங்கினால் இங்கே மூச்சு விட நேரம் இருக்காது. எங்கே பார்த்தாலும் அகல் விளக்குகள் காயும்.

சூளைப் புகை கண்ணையும் நெஞ்சையும் வருத்தும். இதைக் குயவர்களும் அறிவார்கள். ஆனால் சூளை இல்லாமல் பானை இல்லை. பானை இல்லாமல் சோறு இல்லை.

அடுத்து தோல் பட்டறைக்கு வருவோம். பாந்திராவில் இருந்த வெட்டுக்கூடம் 1971இல் தேவ்னாருக்கு மாறியது. பச்சைத் தோலைப் பதனிடும் வேலையும் தாராவியை விட்டுப் பெரும்பாலும் போய்விட்டது. ஆனால் தோல் தொழில் போகவில்லை. பதனிட்ட தோலை வாங்கி வந்து பை, இடுப்பு வார், பணப்பை எல்லாம் தைக்கிறார்கள். சாலையோரக் கடைகளில் வைத்து விற்கிறார்கள். தாத்தா தோலை ஊற வைத்தார். பேரன் அதே தோலில் பை தைக்கிறான்.

குப்பை பணமாகும் இடம்

தாராவியில் 'பதின்மூன்றாம் காம்பவுண்ட்' என்று ஓர் இடம் உண்டு. மும்பை தூக்கி எறியும் பொருள்களில் பல இங்கே வந்து சேரும். பழைய பொருள் வாங்கும் கடையை மும்பையில் 'பங்கார் கடை' என்பார்கள். இங்கே வரிசையாகப் பங்கார் கடைகள்.

உடைந்த வாளி, எண்ணெய் டின், பொம்மை, நாற்காலி எல்லாம் வருகின்றன. முதல் வேலை பிரிப்பது. நிறம் பார்த்துப் பிரிக்கிறார்கள். வகை பார்த்தும் பிரிக்கிறார்கள். எல்லா பிளாஸ்டிக்கும் ஒன்றல்ல. சில வகை தண்ணீரில் மிதக்கும். சில வகை மூழ்கும். பழகிய பெண்கள் கையால் தட்டி ஓசையைக் கேட்டே வகையைச் சொல்லிவிடுவார்கள்.

பிறகு எந்திரத்தில் போட்டு நொறுக்குகிறார்கள். நொறுங்கிய துண்டுகளைக் கழுவுகிறார்கள். கூரைமேல் காய வைக்கிறார்கள். அவற்றை உருக்கிக் கயிறு போல இழுக்கிறார்கள். அந்தக் கயிற்றைச் சின்னச் சின்ன மணிகளாக வெட்டுகிறார்கள். அந்த மணிகள் தொழிற்சாலைக்குப் போகும். அங்கே மறுபடியும் வாளியாக, பொம்மையாக மாறும்.

இந்த வேலை நகரத்துக்கே நன்மை செய்கிறது. குப்பை குறைகிறது. ஆனால் செய்கிறவர்களுக்கு ஆபத்தும் உண்டு. நொறுக்கும் எந்திரம் விரலை இழுத்துவிடும். உருக்கும்போது வரும் புகை கெடுதல். தகுந்த பாதுகாப்பு அவசியம்.

இங்கே எல்லாம் எடைக் கணக்கு. பொருள் பொறுக்குகிறவர் எடை போட்டு விற்கிறார். எண் காட்டும் தராசில் பொருளை வைக்கும் முன்பு பாருங்கள். சுழியம் தெரிய வேண்டும். பொருளை வைத்த பிறகு எண்ணை நீங்களே படியுங்கள்.

வீட்டுக்குள் ஓடும் தொழில்

மத்தியானம் சந்துகளில் நடந்தால் கூடைகளைப் பார்க்கலாம். கவிழ்த்து வைத்த பெரிய கூடைகள். அவற்றின்மேல் அப்பளம் காய்கிறது. பெண்கள் வீட்டில் மாவை எடுத்துத் தேய்க்கிறார்கள். காய வைத்துத் திருப்பிக் கொடுக்கிறார்கள். கிலோ கணக்கில் கூலி.

இன்னொரு வீட்டின் மேல் பரணில் பத்துப் பேர் உட்கார்ந்து சரிகை வேலை செய்கிறார்கள். பலர் பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்தவர்கள். அங்கேயே வேலை, அங்கேயே தூக்கம். பக்கத்து வீட்டில் தையல் எந்திரங்கள் ஓடுகின்றன. சட்டைக்கு இவ்வளவு, பொத்தானுக்கு இவ்வளவு என்று கூலி.

இவர்களில் பலருக்கு மாதச் சம்பளம் இல்லை. விடுமுறை இல்லை. நோய் வந்தால் அன்று கூலி இல்லை. கையில் இருக்கும் ஒரே ஆதாரம் கூலி நோட்டுதான். அந்த நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரிய வேண்டும்.

2020 கற்றுத் தந்த பாடம்

2020 ஏப்ரல் 1 அன்று தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். நாடே பயந்தது. ஒரே அறையில் எட்டுப் பேர், பத்துப் பேர் இருக்கும் ஊர். விலகி இருக்க இடம் எங்கே?

மாநகராட்சி ஊழியர்களும் உள்ளூர் மருத்துவர்களும் தொண்டர்களும் சந்து சந்தாகப் போனார்கள். காய்ச்சல் இருக்கிறதா என்று சோதித்தார்கள். நோய் இருந்தவர்களைப் பள்ளிகளிலும் மண்டபங்களிலும் தனியாக வைத்தார்கள். பொதுக் கழிப்பறைகளைத் திரும்பத் திரும்பக் கழுவினார்கள். சில மாதங்களில் நோய் கட்டுக்குள் வந்தது. அந்த ஆண்டு ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவரே தாராவியை எடுத்துக்காட்டாகச் சொன்னார்.

ஆனால் வேலை நின்றது. வேலைக்கு வந்திருந்தவர்களில் பலர் ஊருக்குத் திரும்பினார்கள். இட்லி அத்தையின் சைக்கிள் பல மாதம் சுவரில் சாய்ந்து நின்றது. நெருக்கமான வீடுகளில் காற்றும் வெளிச்சமும் எவ்வளவு தேவை என்று எல்லோருக்கும் புரிந்தது.

வீடும் காகிதமும்

தாராவியை மாற்றிக் கட்ட வேண்டும் என்ற பேச்சு பழையது. 1985இல் பிரதமர் ராஜீவ் காந்தி மும்பைக்கு 100 கோடி ரூபாய் ஒதுக்கினார். அதில் ஒரு பகுதி தாராவிக்கு வந்தது. சில கட்டடங்கள் எழுந்தன. 2004இல் தாராவி முழுவதையும் மாற்றிக் கட்டும் திட்டத்தை மாநில அரசு அறிவித்தது. பல ஆண்டுகள் அது நகரவில்லை. 2022இல் ஒரு தனியார் குழுமம் அந்த வேலைக்குத் தேர்வானது. 2024இல் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது.

அரசு அறிவித்த விதியில் ஒரு தேதி முக்கியமானது. அது 2000 ஜனவரி 1. அதற்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவருக்குத் தாராவியிலேயே இலவச வீடு. அதன் அளவு 350 சதுர அடி. அதற்குப் பிறகு வந்தவர்களுக்குத் தாராவிக்கு வெளியே வீடு. அதற்கு வேறு நிபந்தனைகள் உண்டு.

இதைப் பற்றி மக்களிடம் ஒரே கருத்து இல்லை. சொந்தக் கழிப்பறை உள்ள வீடு வேண்டும் என்று பலர் காத்திருக்கிறார்கள். குயவர்களோ வேறு கேள்வி கேட்கிறார்கள். "மாடி வீட்டில் சூளை எங்கே வைப்பது?" அப்பளம் தேய்க்கும் பெண்கள் கேட்கிறார்கள். "வெயில் எங்கே கிடைக்கும்?" மேல் பரணில் வாடகைக்கு இருப்பவர்கள் கேட்கிறார்கள். "நாங்கள் எங்கே போவது?" வீடு மட்டும் கிடைத்தால் போதாது. தொழிலும் கூடவே வர வேண்டும். தாராவியில் இரண்டும் ஒன்றுதானே.

எந்தக் கேள்வி கேட்டாலும் பதில் ஒரு காகிதத்தில் வந்து நிற்கிறது. எத்தனை வருடம் வாழ்ந்தோம் என்பதை வாய் சொன்னால் போதாது. காகிதம் சொல்ல வேண்டும்.

அத்தையின் மஞ்சள் பை

இட்லி அத்தையிடம் ஒரு மஞ்சள் பை இருக்கிறது. அதில் வீட்டுக் காகிதங்கள் எல்லாம் உண்டு. முன்பு எல்லாம் கலந்து கிடந்தன. காகிதங்கள் மராத்தியிலும் ஆங்கிலத்திலும் இருந்தன. எது என்ன என்று அத்தைக்குத் தெரியாது. அவர் கணவருக்குத் தெரியும். அவர் இறந்துவிட்டார்.

இரவு வகுப்பில் சேர்ந்த பிறகு அத்தை ஒரு வேலை செய்தார். பேத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்தார். பேத்தி ஒவ்வொரு காகிதத்தையும் படித்துச் சொன்னாள். அத்தை சின்னத் துண்டுச் சீட்டில் தமிழில் எழுதினார். 'ரேஷன் அட்டை.' 'கரண்ட் ரசீது 1993.' 'ஓட்டுப் பட்டியல் 1995.' 'புது மீட்டர் 2001.' 'தாத்தா இறந்த சான்று.' ஒவ்வொன்றையும் காகிதத்தோடு சேர்த்துக் குத்தினார்.

ஒரு நாள் கணக்கெடுப்புக்கு ஆட்கள் வந்தார்கள். வீட்டை அளந்தார்கள். கதவில் எண் எழுதினார்கள்.

"ஏ பிள்ள, அந்த மஞ்சப் பையை எடுத்துட்டு வா" என்றார் அத்தை.

"இந்தாங்க அத்தை" என்று மருமகள் கொடுத்தாள்.

வந்த இளைஞர் மேலே இருந்த சில காகிதங்களைப் பார்த்தார். வேகமாக விவரங்களைப் பதிந்தார். பிறகு கையெழுத்துப் போடச் சொன்னார்.

முன்பாக இருந்தால் அத்தை கட்டை விரலை நீட்டியிருப்பார். இப்போது இந்தியில் கேட்டார்.

"தம்பி, எழுதினதை ஒரு தடவை காட்டுங்க."

இளைஞர் காட்டினார். எழுத்து வேறு மொழி. ஆனால் எண் அத்தைக்குத் தெரிந்த எண்தான். அத்தை மெல்லப் படித்தார். இரண்டு, சுழியம், சுழியம், ஒன்று. 2001.

"தம்பி, இது என்ன வருஷம்?"

"நீங்க இங்கே குடிவந்த வருஷம், அம்மா. ரசீதில் அப்படித்தான் இருக்கு."

"இல்ல தம்பி. அது புது மீட்டர் மாட்டின வருஷம். நாங்க வந்தது 1991. பழைய ரசீது கீழே இருக்கு."

அத்தை பையிலிருந்து காகிதங்களை எடுத்தார். தேடவில்லை. துண்டுச் சீட்டைப் படித்தார், எடுத்தார். 1993 ரசீது வந்தது. 1995 ஓட்டுப் பட்டியல் வந்தது. இளைஞர் இரண்டையும் பார்த்தார். ஆண்டைத் திருத்தினார்.

"நல்லவேளை கேட்டீங்க, அம்மா. இது தப்பாப் போயிருந்தா அப்புறம் ரொம்ப அலையணும்."

அத்தை தமிழில் தன் பெயரை எழுதினார். பெயர் சற்றுக் கோணலாக விழுந்தது. ஆனால் முழுதாக இருந்தது. தனக்கு ஒரு நகல் வேண்டும் என்று கேட்டு வாங்கினார். அதற்கும் ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் குத்தினார்.

புது வீடு எப்போது வரும்? அது எப்படி இருக்கும்? அங்கே இட்லி அவிக்க இடம் இருக்குமா? இவை அத்தையின் கையில் இல்லை. ஆனால் காகிதத்தில் ஆண்டு சரியாக இருக்கிறது. அது அத்தையின் கையில் இருந்தது. அவர் அதை விடவில்லை.

அன்று இரவு வகுப்பு முடிந்து அத்தை சீக்கிரம் படுத்தார். மூன்று மணிக்கு எழ வேண்டுமே.

சொல் அறிவோம்

கழிமுகம் – ஆறு கடலில் சேரும் இடம்
பரண் – வீட்டுக்குள் உயரத்தில் அமைத்த தளம்
சூளை – மண்பாண்டத்தைச் சுடும் இடம்
நகல் – மூலக் காகிதத்தைப் போலவே எடுத்த படி
நிபந்தனை – ஒன்றைப் பெற நிறைவேற்ற வேண்டிய விதி

பதில் சொல்லுங்கள்

1. தாராவியில் முதலில் வாழ்ந்தவர்கள் யார்?
2. தோல் பதனிடும் வேலை ஏன் தாராவிக்கு வந்தது?
3. பழைய பிளாஸ்டிக் எப்படி மணியாக மாறுகிறது? வரிசையாகச் சொல்லுங்கள்.
4. 2001 என்று பதிந்தது ஏன் அத்தைக்கு நஷ்டம் தரும்?

கணக்குப் போடுங்கள்

ஒரு பெண் திங்கள் முதல் சனி வரை தினமும் 5 கிலோ அப்பளம் தேய்த்தார். கிலோவுக்குக் கூலி 40 ரூபாய். வார முடிவில் அவருக்கு 1,000 ரூபாய் கொடுத்தார்கள். சரியா? எவ்வளவு குறைகிறது?

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டில் உள்ள காகிதங்களை எல்லாம் ஓர் இடத்தில் சேருங்கள். ஒவ்வொன்றும் என்ன, எந்த ஆண்டு என்று துண்டுச் சீட்டில் எழுதிக் குத்துங்கள். எல்லாவற்றிலும் உங்கள் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். வேறுபாடு இருந்தால் வகுப்பில் சொல்லுங்கள். எங்கே போய்த் திருத்தலாம் என்று சேர்ந்து பேசுங்கள்.